நால்வரில் கடைசியானவன்



என் மேசைக்கு இரண்டு கடிதங்கள் வந்தன. முதலாவது நம் வாலிபர் ஐக்கியத்திலிருந்து. சனிக்கிழமை மாலைகளில் சபை மண்டபத்தில் கைப்பேசி விளையாட்டுப் பயிற்சி செய்ய அனுமதி வேண்டும் என்றும், கோடை விடுமுறையில் சேர்வராயன் மலையிலுள்ள மற்றச் சபைகளின் வாலிபரையும் அழைத்து ஒரு சிறு போட்டி நடத்த வேண்டும் என்றும் கேட்டிருந்தார்கள். விளையாட்டின் பெயர் பேட்டில்கிரவுண்ட்ஸ் மொபைல் இந்தியா. பிள்ளைகள் ‘பி.ஜி.எம்.ஐ.’ என்பதும், நாம் பழைய பழக்கத்தில் ‘பப்ஜி’ என்பதும் இதைத்தான். இரண்டாவது கடிதம் பெற்றோர் சிலரும் மூப்பர் ஒருவரும் கையொப்பமிட்டது. அனுமதி தரலாகாது என்று அது சொன்னது.

சபைக் குழு கூடி முடிவெடுக்கும். அதற்கு முன் என் கருத்தை இங்கே வைக்கும்படி இரு தரப்பாரும் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் எந்தக் கடிதத்திலும் எழுதப்படாத மூன்றாவது செய்தி ஒன்றும் என் காதுக்கு எட்டியது. நம் பிள்ளைகளின் நால்வர் அணியில் ஒருவன் இந்த விளையாட்டுக்குப் புதியவன். அவனை விலக்கிவிட்டு, சேலத்திலிருந்து கைதேர்ந்த ஒருவனைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று மற்ற மூவரும் பேசிக்கொள்கிறார்களாம். இரண்டு கடிதங்களையும் விட இதுவே என்னை அதிகம் உறுத்தியது.

முதலில் ஓர் அறிக்கை செய்ய வேண்டும். 2020 செப்டம்பர் 2ஆம் தேதி மத்திய அரசு 118 செயலிகளைத் தடை செய்தது. பப்ஜியும் அவற்றுள் ஒன்று. அடுத்து வந்த ஞாயிறு பிரசங்கத்தில் அந்தத் தடையைப் பாராட்டிப் பேசினேன். அந்த விளையாட்டைச் சோம்பேறிகளின் கூடாரம் என்றேன். அதுவரை அதை ஒரு நிமிடமேனும் நான் பார்த்ததில்லை. சில மாதங்கள் கழித்து ஒரு தாய் என்னிடம் சொன்னார். அவருடைய மூத்த மகன் ஊரடங்கில் விமானமின்றிக் குவைத்தில் அகப்பட்டிருந்தான். இளையவன் ஏற்காட்டில். இரவுதோறும் அண்ணனும் தம்பியும் அந்த விளையாட்டில்தான் சந்தித்துக்கொண்டார்கள். சாப்பிட்டாயா, அம்மாவுக்கு மாத்திரை வாங்கினாயா என்ற பேச்செல்லாம் அந்தக் காதணி ஒலிபெருக்கி வழியாகத்தான். என் பிரசங்கத்தின்போது அந்த இளையவன் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தான். அதன்பின் நெடுநாள் அவன் ஆராதனைக்கு வரவில்லை. நான் சொன்னதில் உண்மை எதுவும் இல்லை என்று இன்றும் சொல்லமாட்டேன். ஆனால் அறியாததைப் பற்றி அறிந்தவன்போலப் பேசினேன். அந்தத் தவறை மறுபடியும் செய்ய எனக்கு மனமில்லை.

ஆகவே வாலிபரை அழைத்து, “எனக்குக் கற்றுக்கொடுங்கள்” என்றேன். சிரித்தார்கள்; பிறகு திகைத்தார்கள். எட்டு வெள்ளிக்கிழமைகள் கற்றேன். இப்போது எழுதுவது அந்த எட்டு வாரங்களின் அறிவைக் கொண்டுதான்.

பெரியவர்களுக்காக விளையாட்டின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்கிறேன். அயர்லாந்தைச் சேர்ந்த பிரெண்டன் கிரீன் வடிவமைக்க, தென்கொரிய நிறுவனம் ஒன்று 2017இல் கணினிக்காக வெளியிட்டது. 2018இல் கைப்பேசிக்கு வந்தது. இந்தியாவுக்கென்று மாற்றி அமைத்த வடிவம் 2021 ஜூலையில் வெளியாகி, 2022 ஜூலையில் நிறுத்தப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. நூறு பேர் ஒரு விமானத்தில் ஏறி, ஒரு தீவின்மேல் குதிக்கிறார்கள். நால்வர் நால்வராகச் சேர்ந்தால் 25 அணிகள். ‘எராங்கல்’ என்னும் முதல் தீவு நீளத்திலும் அகலத்திலும் 8 கிலோமீட்டர். வெறுங்கையோடு இறங்கி, வீடுகளில் கிடக்கும் ஆயுதமும் மருந்தும் தேடி எடுக்க வேண்டும். பாதுகாப்பான வட்டம் சிறிது சிறிதாகச் சுருங்கும். வெளியே நிற்பவர் மெல்ல மடிவார். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் ஓர் அணி மட்டும் மிஞ்சும்.

என் முதல் ஆட்டத்தில் வீடுகள் நெருக்கமாக இருந்த ‘பொச்சின்கி’ என்னும் ஊரில் இறங்கினேன். ஒரு நிமிடத்திற்குள் மடிந்தேன். இரண்டாவது ஆட்டத்தில் துப்பாக்கியைக் கண்டுபிடித்தேன். சுடும் பொத்தானைக் கண்டுபிடிக்கவில்லை. ஆனால் அடுத்த வாரம் எனக்கென்று தொடங்கிய புதிய கணக்கில் தனியாக ஆடியபோது ஐந்து பேரை வீழ்த்தினேன்! என் மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். மறுநாள் பிள்ளைகள் என் மகிழ்ச்சியைக் குலைத்தார்கள். தொடக்கப் படிநிலைகளில் எதிரே வருவோரில் பலர் மனிதரே அல்லர். கணினி இயக்கும் பொம்மைகள். புதியவர் மனம் தளராதிருக்க அவற்றை நிறுத்தியிருக்கிறார்கள். நேராக நடந்து வரும், தவறாகச் சுடும், நமக்கு வெற்றியைத் தந்துவிட்டு விழும். அவற்றை வீழ்த்திவிட்டுத் தன்னை வீரன் என்று எண்ணுகிறவன், மேல் படிக்குப் போய் மனிதரைச் சந்திக்கும் நாளில் நிலைகுலைந்து போகிறான். தேறுவதற்கு முதல் தடையாக நான் கண்டது தோல்வி அன்று, இந்தப் பொய் வெற்றிதான்.

அடுத்தது கையைப் பற்றியது. குறி பார்ப்பது, துப்பாக்கி மேலே எகிறும்போது விரலைக் கீழே இழுத்து அடக்குவது, இவற்றுக்கெல்லாம் பயிற்சித் திடல் உண்டு. நாள்தோறும் பத்து நிமிடம் அங்கே ஒரே துப்பாக்கியை எடுத்துச் சுவரை நோக்கிச் சுட்டுப் பழகினாலே போதும் என்று பிள்ளைகள் சொன்னார்கள், சொன்னபடியே ஆயிற்று. திரையின் உணர்திறன் அளவுகளை யூடியூபில் யாரோ ஒருவர் வைத்திருக்கிறார் என்பதற்காக வாரந்தோறும் மாற்றிக்கொண்டிருந்தால் விரலுக்குப் பழக்கம் ஏற்படாது. காதணி அணிந்தால் காலடி ஓசை எந்தப் பக்கம் என்று தெரியும். கையைப் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. நான் வியந்தது நாவைப் பற்றியும் காதைப் பற்றியும் கற்றதில்தான்.

எதிரியைக் கண்டதும் நான் கத்தினேன்: “அதோ! அங்கே! அங்கே!” மூன்று பேரும் மூன்று பக்கம் திரும்பினார்கள், நால்வரும் விழுந்தோம். அணித் தலைவன் பொறுமையாகச் சொன்னான்: “ஐயா, அங்கேன்னா எங்கே? மேலே நம்பர் பாருங்க.” திரையின் மேற்புறத்தில் திசைகாட்டி ஒன்று எப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது; வட்டத்தின் 360 பாகைகள் அதில் எண்ணாகத் தெரியும். ‘240, மரத்துக்குப் பின்னால், ஒருவன்’ என்று சொன்னால் போதும். மூன்று சொற்களில் எண், இடம், தொகை. அங்கே என்கிற சொல் சொல்பவனுக்கு மட்டுமே பொருள் தருகிறது. நான் பார்க்கிறதை மற்றவனும் பார்க்கிறான் என்ற மயக்கத்திலிருந்து பிறக்கும் சொல் அது. இதைக் கற்றபின், சபைக் குழுக் கூட்டங்களில் நானும் மற்றவர்களும் எத்தனை முறை ‘அங்கே, அங்கே’ என்று மட்டும் பேசியிருக்கிறோம் என்று எண்ணிப் பார்த்தேன். சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். நம் ஓட்டுநர்கள் வளைவுக்கு முன்னால் ஒலி எழுப்புவார்கள்; வளைந்த பிறகு எழுப்பினால் யாருக்கு என்ன பயன்? பிள்ளைகளின் விதியும் அதுவே. எதிரியைக் கண்டவுடன் சுடுமுன் சொல்ல வேண்டும்.

இனி, விழுந்தவனை எழுப்பும் காரியம். நால்வர் அணியில் ஒருவன் சுடப்பட்டால் உடனே இறப்பதில்லை. தரையில் தவழ்கிறான். அணியினர் ஒருவர் பக்கத்தில் மண்டியிட்டு ஏறத்தாழ 10 நொடிகள் அசையாமல் இருந்தால் அவன் எழுந்துவிடுவான். அந்தப் பத்து நொடிகளில் எழுப்புகிறவன் சுட முடியாது, ஓட முடியாது. முதன்முறை தோழன் விழுந்தபோது நான் ஓடினேன். போதகன் அல்லவா, ஓடாமல் இருப்பேனா? இருவரும் இறந்தோம். சுட்டவன் அதற்காகவே காத்திருந்தான். “ஐயா, முதல்ல புகை” என்றார்கள். புகைக் குண்டை வீசி, எதிரியின் பார்வையை மறைத்து, மற்ற இருவர் காவல் நிற்க, அதன்பிறகே மண்டியிட வேண்டும். இரக்கம் இருந்தும் நான் அவனைக் காப்பாற்றவில்லை, இன்னொரு பிணத்தைச் சேர்த்தேன். விழுந்தவனும் சும்மா இருக்கலாகாது. சுவருக்குப் பின்னால் தவழ்ந்து வந்து, எழுப்ப வருகிறவனுக்கு வேலையை எளிதாக்க வேண்டும். வருத்தப்பட்டு ஒரே இடத்தில் கிடக்கிறவனை எழுப்புவது கடினம். சபையில் இருபது ஆண்டுகளாக வீடு வீடாகச் செல்கிற எனக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை என்று சொல்லத்தான் ஆசை. உண்மையில் புதிதாகத்தான் இருந்தது.

கடைசியாக, மடிந்தபின் என்ன செய்வது? புதியவன் உடனே வெளியேறி அடுத்த ஆட்டத்தைத் தேடுகிறான். தேறுகிறவன் இரண்டு காரியங்கள் செய்கிறான். நம்மைச் சுட்டவரின் கண் வழியாக அந்தக் காட்சியைத் திரும்பக் காணும் வசதி உண்டு, அதைப் பார்க்கிறான். அது அருவருப்பான பாடம். சுவருக்குப் பின்னால் நன்றாக ஒளிந்திருக்கிறேன் என்று நான் நினைத்த வேளையில் என் முதுகு பாதி வெளியே தெரிந்துகொண்டிருந்தது! பிறகு, உயிரோடிருக்கும் தோழர்களின் ஆட்டத்தை வாய்மூடி இறுதிவரை பார்க்கிறான். ‘நெட் சரியில்லை’, ‘நீ ஏன் காவல் காக்கவில்லை’ என்ற இரண்டு வாக்கியங்களையும் ஒரு மாதம் சொல்லாமல் இருக்கிறவன், மற்றவர் ஓராண்டில் ஏறுகிற உயரத்துக்கு ஏறிவிடுவான் என்பது என் துணிவு.

இவ்வளவையும் சொல்லிவிட்டு அந்த நான்காவது பிள்ளைக்கு வருகிறேன். அவன் சம்மதம் பெற்றே எழுதுகிறேன். மூவரும் சொன்ன குறை இது: அவன் எதற்கும் அரை நொடி தாமதம், அவனால் நாங்கள் தோற்கிறோம். ஒரு வெள்ளிக்கிழமை அவனுடைய கைப்பேசியை வாங்கி நானே ஆடிப் பார்த்தேன். பல ஆண்டுப் பழையது. படம் விட்டு விட்டு நகர்கிறது. ஐந்தாவது நிமிடத்தில் கை சுடும் அளவுக்குச் சூடாகிறது. அவன் வீடு இருக்கும் சரிவில் மூடுபனி இறங்கும் மாலைகளில் சிக்னல் ஒரு கோடுதான். நான் என் கைப்பேசியை அவனிடம் கொடுத்தேன். அன்று அவன் தாமதிக்கவில்லை. அவன் சிறந்த குறியாளன் ஆகிவிட்டான் என்று சொல்லவில்லை, இன்னும் தடுமாறுகிறான். ஆனால் மூன்று மாதமாக ஒரு வாலிபனின் திறமையைப் பற்றிப் பேசிய மூவரில் ஒருவனும் அவனுடைய கைப்பேசியைக் கையில் வாங்கிப் பார்த்ததில்லை.

கார்த்திகை, மார்கழியில் காப்பித் தோட்டங்களில் பழம் பறிக்கும் காட்சியை நாம் எல்லாரும் கண்டிருக்கிறோம். ஒரே கிளையில் சிவந்ததும் இருக்கும், பச்சையும் இருக்கும். புதிதாக வந்தவள் கிளையை உருவிவிடுவாள். அனுபவமுள்ள அக்காமார் திட்டுவார்கள். ஆனால் அடுத்த வரிசையில் அவளைத் தங்கள் பக்கத்திலேயே நிறுத்திக்கொள்வார்கள். ஒரு பருவம் முடிவதற்குள் அவள் விரலுக்குப் பழமும் காயும் தெரிந்துவிடும். எந்தத் தொழிலிலும் புதியவன் தேறும் வழி எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். தேர்ந்தவன் பக்கத்தில் நின்று, அவன் பொறுக்கும் அளவுக்குப் பிழை செய்து கற்க வேண்டும். அப்பக்கத்தை மறுத்துவிட்டு ‘நீ தேறவில்லை’ என்று சொல்வது நியாயமாகாது. கொரிந்து சபைக்கு எழுதும்போது பவுல் சரீரத்தின் பலவீனமான அவயவங்களைப் பற்றிச் சொன்னதை நம் வாலிபர் மனப்பாடமாக அறிவார்கள். ஞாயிறு பள்ளியில் பரிசும் வாங்கியிருக்கிறார்கள்.

நாங்கள் வெல்ல விரும்புவது தவறா என்று அணித் தலைவன் என்னைக் கேட்டான். தவறில்லை. இன்று இது வெறும் பொழுதுபோக்கு மட்டுமன்று. 2022 டிசம்பரில் மத்திய அரசு மின்விளையாட்டை இளைஞர் நலன், விளையாட்டு அமைச்சகத்தின் கீழ்க் கொண்டுவந்தது. 2023இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டிகளில் மின்விளையாட்டுக்குப் பதக்கங்கள் வழங்கப்பட்டன. அந்த மேடைகளுக்கு ஆள் தேர்ந்தெடுக்கிறவர்கள் திறமையை மட்டும் பார்க்கட்டும். நம் மண்டபத்தின் பெயரால் ஆடும் அணி அப்படி ஆகாது என்பது என் கருத்து. சேலத்து இளைஞன் விருந்தாளியாக வந்து கற்றுக்கொடுக்கட்டும். நாற்காலி நம் பிள்ளையுடையது.

எதிர்க் கடிதத்தில் கையொப்பமிட்டவர்களை நான் தள்ளிவிடவில்லை. அவர்களுடைய நான்கு அச்சங்களில் மூன்று நியாயமானவை. நேரம்: 2023இல் இந்த விளையாட்டு திரும்பியபோது 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு நாளொன்றுக்கு 3 மணி நேரம் என்று நிறுவனம் வரம்பு வைத்தது. பள்ளிப் பிள்ளைக்கு மூன்று மணி என்பது வரம்பா? எனக்கு அது வாசலைத் திறந்து வைத்ததாகவே தெரிகிறது. பணம்: ஆடைக்கும் துப்பாக்கியின் வண்ணத்திற்கும் காசு கேட்கிறார்கள், அவற்றால் ஆட்டம் ஒரு துளியும் தேறாது. பந்தயப் பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளை 2025ஆம் ஆண்டு மத்தியச் சட்டம் தடை செய்கிறது. நுழைவுப் பணம் கட்டினால் பரிசு என்று வாட்ஸப்பில் வரும் அழைப்புகளுக்கு நம் பிள்ளைகள் போகலாகாது. வாய்: முகந்தெரியாதவர்களோடு ஆடும்போது காதில் விழும் வசைகள், அதிலும் ஒரு பெண்ணின் குரல் கேட்டால் விழும் வசைகள், நான் இங்கே எழுதக் கூடியவை அல்ல. நம் வாலிபப் பெண்களில் இருவர் இதனாலேயே ஒலிவாங்கியை அணைத்துவிட்டு ஆடுகிறார்கள். அந்த வசையை நம் பையன்கள் சொல்லவில்லை என்பது போதாது. கேட்டுக்கொண்டிருந்தார்களா என்றும் கேட்பேன்.

நான்காவது அச்சம், துப்பாக்கி விளையாட்டு பிள்ளைகளைக் கொலைகாரர் ஆக்கிவிடும் என்பது. அதில் நான் உடன்படவில்லை. ஆனால் என் மனம் முழுமையாக அமைதியடைந்துவிட்டது என்றும் சொல்லமாட்டேன். எட்டாவது வாரத்தில் ஒருவனை வீழ்த்தியதும் எனக்குள் எழுந்த மகிழ்ச்சி எனக்குப் பிடிக்கவில்லை. ஆகவே சிறு பிள்ளைகள் வேண்டாம். 16 வயது நிறைந்தவர்கள், பெற்றோர் ஒருவரின் சம்மதத்தோடு.

என் கருத்து இதுதான்: அனுமதி கொடுக்கலாம். சனி மாலை 5 முதல் 6 வரை, இரண்டு ஆட்டங்கள், மூன்றாவது கிடையாது. மண்டபக் கதவு திறந்திருக்கும். எதிர்ப்புக் கடிதத்தில் கையொப்பமிட்ட ஐவரும் வாக்களிக்குமுன் ஆளுக்கு ஓர் ஆட்டம் ஆடிப் பார்க்க வேண்டும் என்று அன்போடு கேட்கிறேன். பொச்சின்கியில் இறங்க வேண்டாம்.

கடந்த வெள்ளிக்கிழமை மழை. அணித் தலைவனுக்குக் காய்ச்சல். அவன் இடத்தில் நான் ஆடினேன். என் தவறால் நான் வெட்டவெளியில் விழுந்தேன். மற்ற இருவரும் ஒரு வீட்டின் மாடியில் சிக்கியிருந்தார்கள். அந்த நான்காவது பிள்ளை, “ஐயா, 75ல பாறை இருக்கு, அதுக்குப் பின்னாடி தவழ்ந்து வாங்க” என்றான். தவழ்ந்தேன். ஒரு புகைக் குண்டு என் முன்னால் விழுந்தது. சற்று இடைவெளி விட்டு இன்னொன்று. வெண்மையாகத் திரை மூடியது. மண்டியிட்டான். பத்து நொடிகள். எழுந்ததும் தன்னிடமிருந்த ஒரே மருந்துப் பெட்டியை என் காலடியில் போட்டுவிட்டு, “நீங்க போட்டுக்குங்க, நான் பார்த்துக்கிறேன்” என்றான். மாடியிலிருந்த இருவரும் ஒன்றும் பேசவில்லை. பதினோராவது இடத்தில் முடிந்தோம். அடுத்த ஆட்டம் தொடங்குமுன் மின்சாரம் போய்விட்டது. நால்வரும் இருட்டில் உட்கார்ந்து, யாருடைய வீட்டில் பழைய கைப்பேசி சும்மா கிடக்கிறது என்று பேசிக்கொண்டிருந்தோம்.